துருவக் கடற்காகம் குறித்த அவசரத் தீர்மானம்

பறவைகளை நேசிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விதிமுறைப்படி நேசிப்பவர்கள் மெயின் மாநிலக் கடற்கரையில், ஹார்லோ முனைப் பறவை நோக்கர் கழகத்தில் மட்டுமே இருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்தொரு உறுப்பினர்கள். அவர்களில் எவரும் ஒரு பறவையை இரண்டாம் முறை பார்த்து நேரத்தை வீணாக்கியதில்லை.

டெல்ஃபின் திபோடோ இந்த மேன்மக்கள் கூட்டத்தில் இன்னும் முழுதாகச் சேர்ந்துவிடவில்லை. அவள் ‘தகுதிகாண் உறுப்பினர்’. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் குளிர்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு குரலே கேட்காததால், மனிதர்களைத் தேடிப் பறவைகளிடம் வந்தாள். இருநூறு வகைப் பறவைகளைப் பார்த்துவிட்டால் முழு உறுப்பினர். ஆண்டு விருந்தில் பெயர் எழுதிய நாற்காலி. இதுவரை நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆகியிருந்தது.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை. வசந்தம் வந்துவிட்டதாக நாட்காட்டி அறிவித்திருந்தது. கடலுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. பனியும் மழையும் கலந்து முகத்தில் அறைந்தது. காலை ஒன்பது மணிக்கு, பூங்காவை ஒட்டித் தண்ணீருக்குள் நின்ற பாறையொன்றில் தும்பை வெள்ளையாக ஒரு துருவக் கடற்காகம் உட்கார்ந்திருப்பதாகச் செய்தி பரவ, பதினாறு உறுப்பினர்கள் முக்காலிகளை நட்டு வரிசையாக நின்றார்கள்.

“இருநூறு!” என்று டெல்ஃபினின் தோளைத் தட்டினாள் செயலாளர் மார்ஜரி. “பாத்தாச்சுல்ல? சீட்டுல எழுதிடுங்க.”

டெல்ஃபின் எழுதவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பறவை எழும்ப முயன்று பக்கவாட்டில் சரிந்தது.

“மார்ஜரி, அதோட சிறகுல தூண்டில் நரம்பு சுத்தியிருக்கு. பறக்க முடியல, பாவம்.”

“அதான் போட்டோவுக்கு இவ்வளவு அழகா ஆடாம நிக்குது!”

“யாராவது போய் அறுத்துவிடலாமே?”

வரிசை முழுதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன காபியைக் கீழே இறக்கினார். தலைவர் வெண்டல் ஹாஸ்கெல், காப்பீட்டுக் கோரிக்கைகளை நிராகரித்தே தலை நரைத்தவர், கனிவோடு முன்வந்தார்.

“டெல்ஃபின், மனுஷக் கை பட்ட பறவை காட்டுப் பறவை இல்ல. பிரிவு ஏழு. தொட்டதுக்கு அப்புறம் பாக்கிறவங்களுக்கு அது கணக்குல சேராது. பாஸ்டன்லேருந்து நம்ம ஆளுங்க ஆறு பேர் வந்துக்கிட்டிருக்காங்க. ரெண்டு மணி ஆயிடும்.”

“தண்ணி ஏறுது, வெண்டல். பன்னெண்டுக்கெல்லாம் பாறை முழுகிடும்.”

“கடல் பறவைதானே? மிதக்கும்.”

இருந்தாலும் கழகம் கல்நெஞ்சம் படைத்ததல்ல. மணலிலேயே அவசரக் கூட்டம் கூடியது. பறவையின் நிலை குறித்து ‘ஆழ்ந்த கவலை’ தெரிவிக்கப்பட்டது. மீட்புப் பணியைப் பிற்பகல் இரண்டேகாலுக்குத் தொடங்குவதென்றும், அதற்குள் பறவை ‘ஒத்துழைக்காமல்’ இறந்துபோனால் உயிரோடு கடைசியாகக் காணப்பட்ட நேரத்தைத் துல்லியமாகக் குறிப்பதென்றும் ஏகமனதாக முடிவாயிற்று.

“எனக்கு ஓட்டு?” என்றாள் டெல்ஃபின்.

“தகுதிகாண் உறுப்பினருக்குக் கேள்வி கேக்கிற உரிமை உண்டு,” என்றார் வெண்டல். “இப்பக் கேட்டீங்களே, அதுதான்.”

பாறையின் விளிம்பில் அலை ஏறியது. பறவையின் தலை தொங்கிவிட்டது. எந்தப் பனிப்புயலிலும் ஒரு பிள்ளையைக்கூட நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனவளல்ல டெல்ஃபின். கைப்பையிலிருந்த நகக் கத்தரியை எடுத்தாள். இருநூறாவதைச் சீட்டில் எழுதாமலே, நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு தண்ணீரில் இறங்கினாள்.

குளிர் எலும்பைக் கவ்வியது. முழங்கால், தொடை, இடுப்பு.

“டெல்ஃபின்! பாஸ்டன்காரங்க இப்பத்தான் பாலத்தைத் தாண்டியிருக்காங்க!” என்று பின்னாலிருந்து கதறினாள் மார்ஜரி. மனிதாபிமானம் ததும்பிய குரல். “பாதி தூரம் வந்துட்டாங்க! உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?”

கழுத்துத் துண்டைப் பறவையின் தலைமேல் போட்டு அணைத்துக்கொண்டு, தூண்டில் நரம்பைத் தேடித் தேடி வெட்டினாள். பறவை நன்றியாக அவள் சுண்டுவிரலைக் கொத்திக் கிழித்தது. கடைசி முடிச்சு அறுந்ததும் அது உடம்பை உதறிற்று. காற்றில் தடுமாறி நிமிர்ந்து, திறந்த கடலை நோக்கிப் போயே போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

கரையேறியபோது பல் கிட்டியது. “ஒரு வாய் காபி…”

பதினாறு பேரும் அடிவானத்தைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றடி தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த எதுவும் அந்தக் கண்ணாடிகளில் தெரியாது.

வியாழக்கிழமை நீக்க ஆணை வந்தது. குற்றம்: ‘பறவைக்கு இடையூறு செய்தமை’. டெல்ஃபின் அதை இரண்டு முறை படித்தாள்; கட்டுப்போட்ட விரலால் மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அண்டக் கொடுத்தாள்.

மே மாதம் கழகத்தின் ஆண்டு மலர் வெளிவந்தது. அட்டையில் அதே துருவக் கடற்காகம், பாறைமேல், அப்பழுக்கில்லாமல். கீழே ‘எங்கள் பராமரிப்பில்’ என்று தங்க எழுத்துகள். படத்திலிருந்த தூண்டில் நரம்பை மார்ஜரி கணினியில் உட்கார்ந்து மூன்று நாள் மெனக்கெட்டு, ஓர் இழை மிச்சமில்லாமல் அகற்றியிருந்தாள்.