மில்லிகிராம் வீட்டு எஸ்பிரெசோ

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே கேட்கக் கூடாது. காப்பி இயந்திரம் முதலில் சூடாக வேண்டும். சூடாகும் முன்பே பொத்தானை அழுத்தினால் புளித்த தண்ணீர்தான் சொட்டும். சிரிப்பும் அந்த ஜாதிதான். அதுவரை மில்லிகிராமோடு பழக்கம் செய்துகொள்ளுங்கள்.

மில்லிகிராம் என்பது தெரு வைத்த பெயர். கடை கடையாகப் போய்த் தராசு சோதிப்பது அவர் வேலை. பெட்டியைத் திறப்பார். எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைப்பார். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் தராசை விட்டுவிட்டுக் கடைக்காரரின் முகத்தையே பார்ப்பார்.

"முத்திரையைப் பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்கீங்க."

"ஐயோ சார், நான் எங்க சார்..."

"கோந்து இன்னும் காயல."

அவ்வளவுதான். கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டும். "என் கண்ணை ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்" என்று மில்லிகிராம் மீசையைத் தடவுவார். ஒருத்தன் என்றுதான் சொன்னார். ஒருத்தி என்று அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அவருக்கு ஒரே கொள்கை. மனைவி எந்தப் பக்கம் நிற்கிறாளோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது. அவள் மழை வரும் என்றால் குடையை வைத்துவிட்டுப் போவார். திரும்பும்போது சட்டையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் பிழியலாம். "லேசான தூறல்" என்பார்.

மனைவி தையற்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. ஒரு தையல் இயந்திரம், துணி வெட்ட ஒரு நீள மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. எந்தத் துணியை எந்தப் பக்கம் இழுத்தால் எந்தப் பக்கம் போகும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். துணிக்கு மட்டுமல்ல.

வினை ஒரு காப்பிக் கடையில் தொடங்கியது. தராசு சோதிக்கப் போன இடத்தில் மில்லிகிராமுக்கு ஒரு கோப்பை நீட்டினார்கள். பொம்மைக்குக் கொடுக்கிற அளவு. அவர் கண் கோப்பையில் இல்லை. இயந்திரத்தின் மூக்கிலிருந்து எலிவால் மாதிரி மெலிசாக, தேன் மாதிரி கனமாக, பழுப்பு நிறத்தில் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரும் தூளும் சேர்ந்தால் இப்படி எப்படி ஆகும்? வாயில் ஊற்றினார். கடையை விட்டு வெளியே வந்தார். தராசைச் சோதிக்க மறந்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

அன்றிலிருந்து கையில் கைபேசி, கைபேசியில் ஒரு காப்பி நிபுணர். நிபுணருக்குத் தாலாட்டுக் குரல். "நண்பர்களே, தூளை அமுக்கும்போது கோபப்படாதீங்க. தூளுக்கும் மனசு இருக்கு." மில்லிகிராம் தலையாட்டுவார். மனைவியின் மனசைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை.

"வீட்டுலயே எஸ்பிரெசோ போடப் போறேன்" என்று ஒரு காலையில் அறிவித்தார்.

"அது என்னங்க?"

"காப்பிதான். ஆனா ஒன்பது பார்."

"ஒரு பாருக்குப் போனாலே ஆம்பளைங்க வீடு வந்து சேர மாட்டாங்க."

"பார்னா அழுத்தம். அந்த அழுத்தத்துல தண்ணியைத் தூள் வழியாத் தள்ளணும்."

"தள்ளத்தானே? என்னைக் கூப்பிடுங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்களைத் தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்."

கடைக்கு இருவரும் போனார்கள். விற்பனைப் பெண் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "சார் இது ஃபுல் ஆட்டோமேடிக் சார் கொட்டையைப் போட்டா காப்பி வரும் சார் இது கைப்பிடி மாடல் சார் நீங்களே அரைச்சு நீங்களே அமுக்கி நீங்களே போடணும் சார்."

மனைவி கைப்பிடி மாடலை ஒருமுறை விரலால் தடவினாள். பிறகு பட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"பட்டன் மெஷினே போதுங்க. கைப்பிடியெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது."

"கைப்பிடி மாடலைப் பேக் பண்ணுங்க" என்றார் மில்லிகிராம்.

"கொட்டை அரைக்க வீட்டுல மிக்ஸி இருக்கே."

"அரைக்கற மெஷின்ல நல்லது எதும்மா?"

"பால் நுரைக்கப் பெரிய பாத்திரமா வாங்கிடலாம்."

"சின்னது."

விற்பனைப் பெண் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தாள். மனைவி மேற்கூரையில் மின்விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்ற ஒவ்வொன்றும் காரில் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சண்டை. "இங்க பாருங்க, சமையலறையில எங்க வேணா வைங்க. என் தையல் ரூமுக்குள்ள மட்டும் அது வரவே கூடாது."

பத்தே நிமிடத்தில் தையல் அறை மேசையின் வலது மூலையில், பெஞ்சில் உட்காருகிறவர்கள் கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில், இயந்திரம் குடியேறியது.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? இயந்திரத்தின் விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. பொறுங்கள்.

முதல் காப்பி குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடி வந்தது. அரைவையை நைசாக்கினார். இரண்டாவது வரவே இல்லை. இயந்திரம் மலச்சிக்கல் வந்தவர் மாதிரி முனகியது. பால் நுரைக்கப் போனதில் கூரை வரை தெறித்தது. பதினெட்டு கிராம் தூளைப் புள்ளி பிசகாமல் எடை போட்டார். தட்டினார், அமுக்கினார், நிபுணர் சொன்னபடி மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தார். ஊற்றியதைக் கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இதைக் கொஞ்சம் விட்டுட்டுப் போங்க. ஊசிக்குப் பயப்படற பேஷன்ட்டுக்கு ஆகும்."

மில்லிகிராம் மனம் தளரவில்லை. எது எதனால் ஆகிறது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு விடுமுறை நாள் முழுக்க நின்று, அரைவை மெஷினில் நைசைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒருவழியாக அந்த எலிவாலைப் பிடித்துவிட்டார். கோப்பையைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மனைவியிடம் போனார்.

அவள் குடித்தாள். யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. குருட்டாம்போக்குல வந்திருக்கும்."

"குருட்டாம்போக்கா? நானா?"

"நாளைக்கு இதே மாதிரி வருமா? நாளன்னிக்கு? வேண்டாங்க, விடுங்க. பந்தயம் கிந்தயம்னு இறங்காதீங்க. தோத்துடுவீங்க."

அவர் மனதில் பந்தயமே இல்லை. இப்போது வந்துவிட்டது.

பேசி முடித்தார்கள். மாதம் முடிவதற்குள், தொடர்ந்து மூன்று காலைகள், ஒரே ருசி. அவர் ஜெயித்தால் ஆயுசுக்கும் அவள் எதிர்ப்பேச்சு பேச மாட்டாள். தோற்றால் இனி காலை டிபன் அவர் சமையல். எதிர்ப்பேச்சே இல்லாத வீட்டில் தான் எந்தப் பக்கம் நிற்பது என்று மில்லிகிராம் யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் வளையத்தைப் பற்றி. அதில் எண்கள் கிடையாது. தெரியாமல் கை பட்டு நகர்ந்துவிட்டால்?

மனைவியின் டப்பாவிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தார். வளையத்திலிருந்து மெஷினின் உடம்பு வரை நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். வளையம் இம்மி அசைந்தாலும் கோடு முறிந்து காட்டும்.

"முத்திரை வெச்சாச்சு" என்றார்.

"அதை யாருங்க தொடப் போறா" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

முதல் காலை, எலிவால். அவள் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். இரண்டாம் காலை, குழாய்த் தண்ணீர். ஓடிப்போய்க் கோட்டைப் பார்த்தார். கோடு நேராக இருந்தது. மறுபடி வளையத்தோடு மல்லுக்கட்டி, சரியான இடத்தைப் பிடித்து, புதுக்கோடு போட்டார். அடுத்த நாள் நன்றாக வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் இயந்திரம் முனகியது. கோடு நேராக இருந்தது.

இப்போது அவருக்குத் தோல்வியைவிட அந்தப் புதிர்தான் பெரிதாகிவிட்டது. தண்ணீரை மாற்றினார். காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்க்க ஒரு கருவி வாங்கி மாட்டினார். எடைத்தட்டைத் தன் எடைக்கற்களை வைத்தே சோதித்தார். கொட்டை விற்கிறவரைக் கைபேசியில் பிடித்தார். அவருக்குக் கரகரத்த குரல். "சார், கொட்டை உயிருள்ள வஸ்து சார். அது ஒருநாள் சிரிக்கும், ஒருநாள் மொறைக்கும்." மில்லிகிராம் வீட்டுக்கு வந்து கொட்டையையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அது எதுவும் செய்யவில்லை.

கொட்டை டப்பா வேறு கணக்குக்குப் பொருந்தாத வேகத்தில் காலியானது.

"நான் போடறது ரெண்டு கோப்பை. டப்பா எப்படிப் பாதியாச்சு?"

"உங்க சட்டைப் பையைப் பாருங்க. மீசையைப் பாருங்க. அதோ, சோபாவுக்கு அடியில பாருங்க. கீழ கொட்டறதை யாருங்க எடை போடறா?"

மீசையைத் தட்டினார். உண்மையிலேயே கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

"போனாப் போகுது, இன்னொரு வாய்ப்புத் தரேன்" என்று அவளும் தந்துகொண்டே இருந்தாள். இரண்டு நாள் எலிவால், மூன்றாம் நாள் சறுக்கல். ஒருமுறைகூட மூன்றைத் தொடவில்லை. மாதத்தின் கடைசிக் காலை. மில்லிகிராம் குளித்துவிட்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி இயந்திரத்தின் முன்னால் நின்றார். முந்தைய இரண்டு காலைகளும் அமிர்தம். பொத்தானை அழுத்தினார்.

குழாய்த் தண்ணீர்.

"பரவாயில்லங்க" என்றாள் அவள், குரலில் அவ்வளவு கனிவு. "பந்தயமே வேண்டாம்னு வெச்சுக்கலாம். நீங்க சமைக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சொன்ன சொல் சொல்தான்" என்றார் மில்லிகிராம் விறைப்பாக. "நாளையிலேர்ந்து டிபன் என்னுது. நீ தடுத்தாலும் செய்வேன்."

அவள் தடுத்துப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

அன்று மத்தியானம் பக்கத்துத் தெருவில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாமென்று பெட்டியோடு வந்தார். படிக்கட்டில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். மேலிருந்து ஒரு சத்தம். ஆவியில் பால் நுரைக்கிற சத்தம். அவர் வீட்டில் வருகிற மாதிரி பூனையை மிதித்த கூச்சல் அல்ல. மெல்லிய காகிதத்தை நிதானமாகக் கிழிக்கிற மாதிரி. சரியாகச் செய்தால் இப்படித்தான் கேட்கும் என்று நிபுணர் சொல்லியிருந்தார். பின்னாலேயே வாசனை இறங்கி வந்தது.

மில்லிகிராமுக்குப் புல்லரித்தது. இந்தக் கட்டடத்திலேயே ஒரு மேதை இருக்கிறார். இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே. காலில் விழுந்தாவது கற்றுக்கொள்ள வேண்டும். எதிரே பல் டாக்டர் இறங்கி வந்தார். மேலுதட்டில் வெள்ளை நுரை.

"டாக்டர், யாரு டாக்டர் அது?"

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தார். "மேல போய்ப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் இறங்கிப் போய்விட்டார்.

முதல் மாடி. சத்தம் இன்னும் மேலே. இரண்டாம் மாடியில் இரண்டே வீடுகள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. மற்றது அவர் வீடு. கதவு திறந்திருந்தது.

அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. பாவம், நான் தோற்றதைப் பார்க்கச் சகிக்காமல் எனக்காக ஒரு வாத்தியாரை வரவழைத்திருக்கிறாள் என்று நினைத்தார். கண்கூடக் கலங்கியது. ஓசைப்படாமல் எட்டிப் பார்த்தார்.

பெஞ்சில் இடமில்லை. நான்கு பெண்கள், நான்கு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் பால் நுரையில் ஓர் இலை, நரம்பு தெரிகிற அளவுக்கு. அவர்களின் மடியில் பட்டன் பிய்ந்த சட்டைகள். இயந்திரத்தின் முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, மனைவி. கழுத்தில் அளவு நாடா. தோளில் பால் துடைக்கும் துணி. கைப்பிடியை ஒரே திருப்பில் கழற்றினாள், தட்டினாள், துடைத்தாள். வேறு வாத்தியார் யாரும் இல்லை.

வேலை முடிந்ததும் அரைவை மெஷின் பக்கம் குனிந்தாள். வளையத்தில் கோடு இரண்டாக முறிந்து கிடந்தது. கட்டைவிரலால் அதை அழித்தாள். டப்பாவிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தாள். ஒரே இழுப்பில், பாவாடை ஓரத்துக்கு மார்க் போடுகிற சுத்தத்தில், புதுக்கோடு போட்டாள்.

"என்னக்கா அது?" என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்டுக்காரர் வெச்ச சீல்."

மில்லிகிராம் எடைக்கற்கள் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு மாதமாக ஒரு சாக்பீஸ் கோடு தன் கண்ணை ஏமாற்றியது என்று எந்த வாயால் சொல்வது?

பெஞ்சின் ஓரத்தில் இருந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டாள். யாரோ பட்டன் தைக்க வந்தவர் என்று நினைத்து, நகர்ந்து ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

"வாங்க சார், உக்காருங்க. நாளைக்குன்னா காலையிலயே வந்துடுங்க, டிபனும் உண்டாம். அவங்க வீட்டுக்காரர் தடுத்தாலும் கேக்காம சமைக்கப் போறாராம்."