கடைசிப் பொத்தான் தைக்காத ஆந்தை பாய்

மதுரையில் பாதி ஆண்கள் சட்டையில் கடைசிப் பொத்தான் இல்லாமல் நடமாடிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாவம் முழுக்க ஆந்தை பாயையே சேரும். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஆபீசில் மேனேஜர் உட்பட ஒருவருக்கும் கடைசிப் பொத்தான் கிடையாது.

எழுபதுகளின் கடைசி. அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபம் பேரில்தான் புதுசு. உள்ளே ஆள் உயரச் சிலைகளுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடும். ஒரு யாளித் தூணுக்கு இந்தப் பக்கம் பாயின் மிஷின், அந்தப் பக்கம் வளையல் செட்டியாரின் கடை. பாய் தன் அளவு டேப்பை யாளியின் பல்லில்தான் மாட்டி வைப்பார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் யாளிக்கு டேப் சாத்துவது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுப் போனதும் உண்டு.

அவருக்கு ஆந்தை என்று பேர் வந்தது ஒரு தொடர்கதையால். அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் ‘வெண்கலத் தீவு’ என்று மாயாஜாலக் கதை ஒன்று வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதில் கதிரவேலன் என்று ஓர் இளவரசன், முத்தழகி என்று ஒரு மீனவப் பெண், இளவரசனின் தோளில் உட்கார்ந்து யோசனை சொல்லும் கிழட்டு ஆந்தை ஒன்று. எது நடந்தாலும் அந்த ஆந்தை, “நான் அப்பவே சொன்னேன்” என்றுதான் வாயைத் திறக்கும். பாய்க்கு அந்த ஆந்தை என்றால் உயிர். சட்டை வயிற்றில் பிடிக்கிறது என்று யாராவது வந்தால் கழுத்தை மெதுவாகத் திருப்பி, “நான் அப்பவே சொன்னேன், ராத்திரி புரோட்டாவைக் குறைங்கன்னு” என்பார். வந்தவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பிப் போவார்.

வியாழக்கிழமை பத்திரிகை வரும். வாங்குவது செட்டியார், படிப்பது பாய். செட்டியாருக்குப் பொடி எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டால் வளையல் வாங்க வரும் பெண்கள் வயசானவர் என்று நினைத்துவிடுவார்களாம், அதனால் போடமாட்டார். பாய் மிஷினை நிறுத்திவிட்டு, பூதத்துக்கு ஒரு குரல், முத்தழகிக்கு ஒரு குரல், ஆந்தைக்குத் தன் சொந்தக் குரல் என்று வாசிப்பார். சுற்றிலும் கூட்டம் நிற்கும். அவசரமாகச் சட்டை கேட்டு வந்த நானும் சட்டையை மறந்து நிற்பேன். சட்டை எப்படியும் அன்றைக்குத் தயாராக இருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதை ஒரு வியாழக்கிழமை முடிந்தது. பூதத்தைத் தீவுக்குள் அடைக்க வேண்டுமானால் வெண்கலக் கதவை உள்ளேயிருந்து யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கதிரவேலன் உள்ளே போனான். கதவு மூடியது. முத்தழகி கரையில் நின்றாள். ஆந்தை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. முதல் தடவையாக ஒன்றுமே சொல்லவில்லை. முற்றும்.

பாய் பக்கத்தைத் திருப்பினார். தைல விளம்பரம் இருந்தது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

“இம்புட்டு வருசம் கூட்டிட்டுப் போயிட்டு, கடைசியில மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறதா?” என்றார்.

செட்டியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சாத்துனாத்தான் பாய் கதை. அவன் வெளிய வந்தா பூதமும்ல வெளிய வரும்?”

“ஆந்தையைக் காவலுக்கு வச்சுட்டு அவன் வந்திருக்கலாம்ல?”

“ஆந்தை பகல்ல தூங்கும் பாய். அதை நம்பி ஊரை விட முடியுமா?”

பாயின் அத்தாவைத் திட்டியிருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார். பத்திரிகையை மடித்துச் செட்டியார் மடியில் வைத்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். அன்றைக்கே ஒரு சபதமும் எடுத்தார். எழுதினவர் கதவைத் திறந்து கதிரவேலனை வெளியே விடுகிற வரைக்கும் எந்தச் சட்டைக்கும் கடைசிப் பொத்தான் கிடையாது. பொத்தான் மாட்டும் காஜா ஓட்டை மட்டும் எடுத்து வைப்பார்.

“காஜா எதுக்குண்ணே?” என்று கேட்டேன்.

“கதவு திறந்ததும் வாங்க தம்பி. தச்சுத் தாரேன். நம்பிக்கையை விட்டுறக் கூடாதுல்ல?”

அந்தச் சட்டையோடுதான் நான் விளாங்குடிக்குப் பெண் பார்க்கப் போனேன். குனிந்து காபியை எடுத்தபோது கீழே சட்டை விரிந்து பனியன் எட்டிப் பார்த்தது. பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது. உள்ளேயிருந்து பெண்ணின் குரல் மட்டும் வந்தது: “அது ஆந்தை பாய் தச்ச சட்டைப்பா.” எங்கள் கல்யாணம் அங்கேயே நிச்சயமானது. ஆனால் அவள், கதவைச் சாத்தியதுதான் சரி என்கிற செட்டியார் கட்சி என்பது தாலி கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதற்கிடையில் தூணின் இரு பக்கமும் பேச்சே நின்றுவிட்டது. செட்டியார் அதோடு விடாமல் மண்டபத்தின் கோடியில் இருந்த வேறொரு தையல்காரரிடம் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாப் பொத்தானும் இருந்தது. ஆனால் கக்கத்தில் பிடித்தது. மேல் வரிசை வளையலை எடுக்கக் கை பாதிக்கு மேல் போகாது. சத்தியம் செய்கிறவர் மாதிரி கையை வைத்துக்கொண்டு, “கீழ் வரிசையிலயே நல்ல டிசைன் இருக்கும்மா” என்று சமாளிப்பார். பாய் மிஷினிலிருந்து அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

“தம்பி, அவருகிட்டச் சொல்லுங்க. கக்கத்தைப் பிரிச்சு அரை இஞ்சு விடணும்” என்பார் என்னிடம்.

“தம்பி, வளையல் விக்கத்தான் வந்தேன், கருத்துக் கேக்க வரலைன்னு சொல்லுங்க” என்பார் அவர்.

இருவருக்கும் நடுவில் நானும் யாளியும் நின்றோம். யாளிக்காவது பேச வேண்டிய வேலை இல்லை.

வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒரு வியாழக்கிழமை வரைக்கும். அன்றைக்குப் பத்திரிகையில் புதுத் தொடர் ஆரம்பித்திருந்தது. செட்டியார் வழக்கம்போல வாங்கினார். விரித்தார். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், பிறகு மடித்து வளையல் பெட்டிக்கு அடியில் வைத்தார். பாய் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார். நூல் போகவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் இதுதான் நடந்தது.

அப்போதுதான் ‘வெண்கலத் தீவு’ படமாக வந்தது. டவுன்ஹால் ரோடு முழுக்கப் போஸ்டர். படத்தில் முடிவை மாற்றிவிட்டார்கள், கதவு திறக்கிறது, கல்யாணமே நடக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பாய் ஜெயித்துவிட்டார் என்று எங்கள் ஆபீஸே பொத்தான்களைப் பொட்டலம் கட்டித் தயாராக வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் பாய் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு வரிசை முன்னால் செட்டியார். பாய் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்து வெகுநேரமாகியும் ஆந்தை வரவில்லை. அதன் வசனத்தையெல்லாம் ஒரு குண்டு மந்திரி வழுக்கி விழுந்து விழுந்து பேசிக்கொண்டிருந்தார்.

“இடைவேளைக்குப் பெறகு வரும்” என்றார் பாய்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு டூயட் வந்தது. சண்டை வந்தது. வெண்கலக் கதவு திறந்தது. கதிரவேலன் வெளியே வந்தான், முத்தழகி ஓடினாள், கல்யாணப் பாட்டு, பூமாரி, தியேட்டரே விசிலடித்தது. அந்த விசிலுக்கு நடுவே, இரண்டு வரிசை முன்னாலிருந்து ஓர் உருவம் எழுந்தது.

“ஆந்தை எங்கடா?”

செட்டியார்தான். கையை வீசிக் கேட்கப் பார்த்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

பாய் என் காலை மிதித்துக்கொண்டு எழுந்தார். “நல்லாக் கேளுங்க செட்டியாரே. ஆந்தை எங்க?”

எங்களைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்கள். மண்டபம் வரைக்கும் நடந்தோம். முதல் தெருவில் இருவரும் என்னிடம் பேசினார்கள்.

“தம்பி, ஆந்தை இல்லாம என்ன தீவுன்னு கேளுங்க அவரை.”

“அந்த மந்திரி ஒரு ஆளா தம்பி? அவன் ஏறித் தோள்ல உக்காந்தா இளவரசன் செத்துப்போவான்.”

அடுத்த தெருவில் நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். என்னை யாரும் தேடவில்லை.

“கதவைத் திறந்துட்டாங்கல்ல பாய். உங்க சபதம் முடிஞ்சு போச்சே?”

“அது சினிமாக்காரன் திறந்தது செட்டியாரே. எழுதுனவரு இன்னும் திறக்கலை. ஆந்தை இல்லாத கல்யாணம் ஒரு கல்யாணமா?”

“அதுவும் சரிதான். ஆனா, சாத்துனதுதான் முடிவு. அதுல நான் மாறமாட்டேன்.”

“நீங்க மாற வேணாம். சட்டையைக் கழட்டுங்க.”

மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். பாய் மிஷின் உறையை எடுத்தார். செட்டியார் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பாய் கக்கத்தைப் பிரித்தார், துணி விட்டுத் தைத்தார். பிறகு சட்டையைத் திருப்பி, கத்திரிக்கோலால் கடைசிப் பொத்தானை நறுக்கென்று வெட்டி யாளியின் காலடியில் வைத்தார்.

செட்டியார் எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தார். மேல் வரிசை வளையல் வரைக்கும் தாராளமாகப் போனது. தூக்கிய கையை இறக்கி, வளையல் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்து மிஷின் மேல் வைத்தார்.

“இதுல ஆந்தை இருக்கா?” என்று கேட்டார் பாய்.

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்க படிச்சாத்தானே தெரியும்.”

பாய் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். முதல் அத்தியாயத்தில் ஆந்தை இல்லை. அதனால் என்ன, அவரே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது நான் ரெடிமேட் சட்டைதான் போடுகிறேன். அதில் எல்லாப் பொத்தானும் ஒழுங்காக இருக்கிறது. வாங்கி வந்ததும் என் மனைவி கடைசிப் பொத்தானை வெட்டி எடுத்துவிடுகிறாள். செட்டியார் கட்சிக்காரிதான், இருந்தாலும்.