எட்டு கிராம் அதிகம்

தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள ஒருவன் கிராம் கணக்குப் பார்த்தால் வீட்டில் மரியாதை கிடைக்காது. அனுபவித்துச் சொல்கிறேன்.

ரிமோட்டில் ஓட்டும் விமானத்தை வானத்தில் குட்டிக்கரணம் போட வைக்கும் போட்டி அது. மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிச் சமப்படுத்திய திடலில் நடந்தது. பேட்டரியோடு சேர்த்து விமானம் ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, எட்டு மாதம் தேய்த்துத் தேய்த்து 4,990 கிராமுக்குக் கொண்டுவந்திருந்தேன். (அதே எட்டு மாதத்தில் நான் நான்கு கிலோ ஏறினேன். அதற்கு விதிமுறை இல்லை.)

செல்வி அக்கா போட்டி முடிந்த செவ்வாய்க்கிழமை நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போவதாக இருந்தாள். போவதற்குள் நான் பறக்கவிடுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். எனக்குப் பரிசு முக்கியமில்லை. (பொய். ஆனாலும் அவள் பார்ப்பதுதான் அதைவிட முக்கியம்.)

போட்டி நாளான ஞாயிறு காலை, புது வண்டிக்குப் போடுவதுபோல் விமானத்துக்கும் பூசை போட வேண்டும் என்று கோயிலுக்கு இழுத்துப்போனாள். ஒரு புதுக் காருக்குப் பின்னால் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஐயர் சந்தனம் வைத்தார். எடை கூடுமே என்று அவர் திரும்பியதும் துடைத்தேன். சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கச் சொன்னார். விமானத்தின் கால் முறிந்துவிடும் என்று மறுத்தேன். பழத்தை அக்கா வாங்கிக்கொண்டாள். அவள் முகம் சுருங்கியதை நான் கண்டுகொள்ளவில்லை.

திடலில் அவளுக்கு உத்தரவு வேறு போட்டேன்: எடை பார்த்து முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது.

தராசு 5,042 காட்டியது.

தராசில்தான் கோளாறு என்றேன். நடுவர் மணியம் அண்ணன் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துக் காட்டினார். சரியாக இருந்தது. பத்து நிமிடம் கொடுத்தார்.

சக்கர மூடிகளைக் கழற்றினேன், இருபத்தெட்டு கிராம். என் பெயர் ஸ்டிக்கரை உரித்தேன், ஆறு கிராம். இன்னும் எட்டு கிராம் அதிகம். சக்கரத்திலேயே கை வைத்தேன்.

"டயரக் கழட்டிட்டா எதுல எறங்குவ? போதும் லா தம்பி," என்றார் அண்ணன். நேரம் முடிந்திருந்தது.

ஓரமாக உட்கார்ந்து விமானத்தைப் பிரித்தபோதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"டேய், வால் பக்கம் கைக்குட்டைல சுத்தி அந்தப் பழத்த வச்சிருக்கேன். அத எடுத்துறாத."

பழமும் கைக்குட்டையும் ஐம்பத்திரண்டு கிராம்.

போட்டிக்கு வெளியேயாவது பறக்கவிடலாம் என்று எழுந்தேன். மழை பிடித்துக்கொண்டது. இருட்டும்வரை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் அவள் பெட்டி எடை கூடிவிட்டது. மிளகாய்ச் சம்பல் பாட்டிலை எடுப்பதா, புடவையை எடுப்பதா என்று எல்லோரும் தவித்தபோது, அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, சக்கரத்தக் கழட்டிறலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதேன். இன்றும் எங்கள் வீட்டில் யார் பெட்டி கட்டினாலும் அந்தக் கேள்வி வந்துவிடும்.

மூன்று வருடமாகிறது. வீடியோ காலில் பறக்கவிட்டுக் காட்டுகிறேன். அவளுக்குத் தெரிவதெல்லாம் ஒரு புள்ளிதான். அவள் இல்லாத திடல் எனக்கு இன்னும் பழகவில்லை.

புது விமானம் 4,940 கிராம். இவ்வளவு ஏன் குறைத்தாய் என்று மணியம் அண்ணன் கேட்டார். வால் பக்கம் ஒரு பழத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அவள் வந்து வைக்க வேண்டும்.