ஊர்வலத்தில் தடி பிடித்த தம்பி

டூங்கபி, சிட்னி
மார்ச் 1975

மதிப்புக்குரிய அண்ணைச் சுவாமிக்குத் தோத்திரம்.

சர்வேசுரன் கிருபையால் நானும் யோகாவும் நாலு பிள்ளைகளும் நல்ல சுகம். உங்கள் சலரோகம் கூடாமலிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

இதற்கு முன்போ பின்போ இங்குள்ள ஐரிஷ்காரச் சுவாமியார் உங்களுக்கு ஒரு பத்திரிகைப் படம் அனுப்புவார். அதில் கோட்டுப் போட்டு, ஒரு பதாகையின் தடியைப் பிடித்து, ஆவென்று வாயைத் திறந்து நிற்கும் ஒரேயொரு கறுத்த மனிதன் உங்கள் தம்பிதான். பதறாமல் வாசியுங்கள்.

சனிக்கிழமை சப்பாத்து வாங்கப் பட்டணம் போனேன். தெரு நிறைய ஊர்வலம், எல்லாம் பெண்கள். தவக்காலம் வேறு. நம்மூரில் கோயில் சுற்றுப்பிரகாரம் வந்தால் ஆம்பிளையாய்ப் பிறந்தவன் பார்த்துக்கொண்டு நிற்கலாமோ? களைத்தவர் கையிலிருந்து தடியை வாங்க வேண்டாமோ? ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைத்தாய்ச்சி தடியோடு இளைத்து இளைத்து வந்தாள். “பிள்ளை, இஞ்சை தா” என்று வாங்கிவிட்டேன். தடி பிடிக்கிறவனுக்குத் துணியின் பின்பக்கம்தானே தெரியும்? முன்பக்கத்தில் கருக்கலைப்புச் சட்டத்தை மாற்றச் சொல்லி எழுதியிருந்தது எனக்கென்ன தெரியும்? ஒருத்தரும் பாடாமல் கத்திக்கொண்டே வந்ததுகள். செபம் சொல்லுற ஒழுங்கு தெரியாத சனம் என்று நானே ஒரு தவக்காலப் பாட்டை எடுத்துவிட்டேன். பக்கத்தில் வந்தவள்கள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பத்திரிகைக்கார அறுவான் ஒருத்தன் படம் பிடித்தான்.

மறுநாள் பூசை முடிய ஐரிஷ்காரர் என்னை மறித்துப் படத்தை நீட்டினார்.

“கண்ணாடி மாத்த வேணும், ஃபாதர். எழுத்துத் தெரியேல்லை” என்றேன்.

“படத்தில் கண்ணாடி போட்டிருக்கிறீரே” என்றார்.

என் பின்னால் யோகா இருமினாள். இருமலோ சிரிப்போ, ஆருக்குத் தெரியும்.

இனி, உங்களிடமிருந்து நல்ல வார்த்தை வந்தால்தான் பெரிய வெள்ளிக்கு நான் சிலுவை தூக்கலாமாம். எனக்கு அது பெரிய ஆசை, அண்ணை. ஆகவே, “என் தம்பி ஒரு விசரன், அரைப் பைத்தியம், விவரம் தெரியாதவன்” என்று நாலு வரி எழுதிவிடுங்கள். சின்னனிலிருந்து நீங்கள் சொல்லிவருவதுதானே.

பிள்ளைகள் நால்வரும் முழங்காலில் நின்று உங்கள் ஆசீர் கேட்கிறார்கள்.

உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
ஜெயரட்ணம்

பி.கு.: யோகா இதை வாசித்துவிட்டாள். “சுவாமிக்குப் பொய் எழுதினா இண்டைக்குச் சோறில்லை” என்கிறாள். பாட்டு மட்டும் மெய், அண்ணை. பிள்ளைத்தாய்ச்சியும் இல்லை, சப்பாத்தும் இல்லை. துணியைத் தைத்தவள் யோகா. குசினி மேசையில் விரித்து எழுதினவன் நான். மற்றத் தடியையும் அவள்தான் பிடித்தாள், படத்தில் வெட்டுப்பட்டுப் போனாள். ஊரில் கடைக்குட்டி பிறந்த அன்று, இனிப் பிழைக்கமாட்டாள் என்று அவளுக்கு அவஸ்தை பூசியவர் நீங்கள். பூசிவிட்டு வெளியில் வந்து சுவரைப் பார்த்து அழுதவரும் நீங்கள். இன்னொரு பிள்ளை தங்கினால் அவள் தப்பமாட்டாள் என்று இங்கத்தை டாக்குத்தரும் சொல்லிவிட்டார். எனக்குச் சரியான பயமாயிருக்கிறது. அதுதான் போனேன். ஐரிஷ்காரருக்கு விசரன் என்று தாராளமாய் எழுதுங்கள். விவரம் தெரியாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம்.