சீசன் பாஸ்டரின் வீடு சந்திப்பு

மழை கொட்டிய ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் சமையலறைக்குள் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் அப்போது இடுப்புப் பிடித்துப் படுத்துக் கிடந்தார். வாளியும் கையுமாக ஓடி ஓடி அலுத்துப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்வீட்டுப் பாஸ்டர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, துடைப்பக் கட்டையால் சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தார். கட்டைக்கு மசியவில்லை என்றதும் கையையே விட்டார். தண்ணீர் வடிந்ததும் வெளிக்குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, கதவைக்கூடத் தட்டாமல் போய்விட்டார். தும்மினால்கூட அதைப் பிரசங்கத்தில் சேர்த்துவிடுகிற மனிதர், இதைப் பற்றி மட்டும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாய் திறக்கவில்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, 'இந்த அம்மாவுக்கு அவர்மேல் என்ன கோபம்' என்று நீங்கள் நினைக்கக் கூடாது. கோபமே இல்லை. சிரிப்புதான். சிரிக்கிற வாயையும் கர்த்தர்தான் கொடுத்திருக்கிறார்.

கொசுவுக்கு ஒரு சீசன் உண்டு, ஜலதோஷத்துக்கு ஒரு சீசன் உண்டு. அதுபோலவே சீசன் பாஸ்டர் என்று ஓர் இனம் இந்தப் பூமியில் உண்டு. பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வந்த எங்களைக் கரையேற்றவும், முடிந்தால் இந்த ஊர்க்காரர்களையும் சேர்த்துக் கரையேற்றவும், தாய்ச்சபையால் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்படுகிறவர் இவர். மற்ற மாதங்களில் நம்மைப் போலத்தான் இருப்பார். பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விட்டார்களோ இல்லையோ, ஆளே மாறிவிடுவார். நடை ஓட்டமாகும். பேச்சு அறிவிப்பாகும். தெருமுனைக் கூட்டம், ஆஸ்பத்திரி சந்திப்பு, பிள்ளைகள் முகாம், வாலிபர் முகாம், பெண்கள் கூடுகை, வீடு வீடாகக் கைப்பிரதி, நடுவில் தாய்ச்சபையிலிருந்து வந்து இறங்கும் விருந்தாளிக் குழு, அந்தக் குழுவுக்குச் சாப்பாடு, அந்தக் குழுவில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்று அடுக்கிக்கொண்டே போகும் அவருடைய நாள். நடுவில் 'சாப்பிட்டீங்களா பாஸ்டர்?' என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் ரெண்டு தெரு பாக்கி அக்கா" என்பார். கேள்விக்கும் பதிலுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? சீசனில் அதெல்லாம் பார்க்கக் கூடாது.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கை குலுக்கிப் பாருங்கள். உங்கள் கை திரும்பி வரும்போது அதில் ஒரு கைப்பிரதி இருக்கும். சிவப்பு விளக்கில் வண்டியை விட்டதற்காகப் பிடித்த போலீஸ்காரர் கையிலும் அது இருந்தது. குழாய் ரிப்பேர்காரரைத் தேடித் தப்பான நம்பருக்குப் போன் போட்ட ஒரு மனிதர், பாவம், எங்கள் பாஸ்டரிடம் மாட்டிக்கொண்டார். இன்று அவர் எங்கள் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறார். அவர் வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறதாம்.

முடிவெட்டுகிற கடையில் நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். கழுத்தில் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாஸ்டர் கேட்டிருக்கிறார்.

"தம்பி, நித்தியத்தை எங்க கழிக்கப் போறீங்க?"

கடைக்காரர் கத்தியை எடுக்காமலே சொன்னாராம்.

"என் நித்தியம் கிடக்கட்டும் பாஸ்டர். இப்ப வாயை ஆட்டினீங்கன்னா, உங்க நித்தியம் இந்த நாற்காலியிலயே ஆரம்பிச்சுடும்."

சரி, ஊருக்கெல்லாம் இப்படி ஓடுகிறவருடைய வீடு எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கேட்கத்தானே வந்தீர்கள். அந்த வீட்டுக் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ காலமாகிறது. 'சீசன் முடியட்டும், போட்டுடலாம்' என்று ஒவ்வொரு சீசனிலும் சொல்வார். அதுவரைக்கும் உள்ளே இருக்கிறவர் சத்தமாகப் பாட வேண்டும் என்று ஏற்பாடு. பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள் என்ன அருமையாகப் பாடுகிறார்கள் என்று சபையே மெச்சிக்கொள்கிறதே, அந்த வரம் இறங்கிய இடம் அதுதான்.

சாப்பாட்டு மேசையில் அவர் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் பூகோளம் ஒரு சுற்று வரும். மலைநாடுகள், பாலைவனங்கள், தீவுகள். சூப்பில் ஆடை கட்டிவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அப்பா சிறைச்சாலைகளுக்கு வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம்தான் என்று அவர்களுக்குத் தெரியும். மெதுவாகக் கை கரண்டிப் பக்கம் நகரும்.

பெரியவள் கூட்டத்தில் கீபோர்டு வாசிப்பாள். நடுப்பையன் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுமப்பான். கடைக்குட்டிக்கு ஒரே வேலை. நாடகத்தில் காணாமற்போன ஆட்டுக்குட்டி. குளியல் துண்டுகளை ஒட்டுப்போட்டு அந்த ஆட்டுத்தோலை நான்தான் தைத்துக் கொடுத்தேன். தெருத்தெருவாகத் தொலைந்து தொலைந்து அலுத்துப்போன அந்தக் குழந்தை, ஒரு நாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்று விட்டது.

"டெய்லி நானேதான் தொலையுறேன். இன்னிக்கு அண்ணன் தொலையட்டும்!"

மேய்ப்பனாக நடிப்பவர் பாஸ்டர். குனிந்து பார்த்து, "செல்லம், ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்கம்மா" என்றார். ஜனங்கள் காத்திருந்தால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. ஆடு வெளியே வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தொலைந்தது.

அந்த ஆட்டுத்தோலில் ஒரு காது பிய்ந்துவிட்டது என்று பாஸ்டரம்மா என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்த அன்றுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் தடுமாறுகிறவர் இல்லை அவர். அன்றைக்குத் தடுமாறினார்.

"அக்கா, இந்த சீசனோட சரி. முடிஞ்சதும் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடப் போறேன். அண்ணன்கிட்ட பேசிட்டேன். அங்கயே பள்ளிக்கூடத்துலயும் சேத்துடலாம்னு சொல்லிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாஸ்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"எங்கக்கா சொல்றது? நேத்து ஆரம்பிச்சேன். 'ஏங்க, உங்ககிட்ட ஒரு பாரத்தைச் சொல்லணும்'னேன். 'நல்ல விஷயம், குழுக் கூட்டத்துல எல்லாருமா சேர்ந்து ஜெபிக்கலாம்'னுட்டு ஓடிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு நாள் பொறுத்த பெண் அவர்! இரண்டு மாடி ஏறி இறங்கி விருந்தாளிக் குழுவுக்குக் காப்பி சுமந்தவர். கோபித்துக்கொண்டு போகிற பெண்களைச் சமாதானம் சொல்லித் திருப்பிக் கூட்டிவரலாம். யோசித்துச் சிரித்துக்கொண்டே போகிறவர்களை யார் திருப்புவது?

கடைசிக் கூட்டம் பெரிய கொட்டகையில் நடந்தது. இங்கே பாஸ்டரின் ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரசங்கத்தின் முடிவில் எல்லாரையும் தலைகுனிந்து கண்ணை மூடச் சொல்வார். மனதில் பாரம் உள்ளவர்கள், யாராவது தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள், கையை மட்டும் உயர்த்த வேண்டும். கை தூக்கியவர் வீட்டுக்கு மறுநாள் சாயங்காலமே போய்விடுவார். வாக்குத் தவறியதே கிடையாது. போனால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். முதலில் அவர்கள் பேச வேண்டும், அப்புறம்தான் ஜெபம் என்பது அவர் சட்டம். எதிரிகூட இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கும் கண்ணீரால் மங்கிப்போன கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டகை முழுவதையும் உருக்கினார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு மனிதர்கள் எல்லாரும் கலர்கள்தான்.

"அதோ, கடைசி வரிசையில, பச்சை உடுப்புச் சகோதரி. உங்க கையைப் பாத்துட்டேன். உங்க பாரத்தை நான் அறிவேன். எத்தனை நாளா அதைத் தனியாச் சுமக்குறீங்க! யாருமே உங்க வீட்டுப் படி ஏறலையேன்னு ஏங்குறீங்க. நாளைக்குச் சாயங்காலம் நான் வர்றேன். சத்தியமா வர்றேன்."

கண்ணை மூடு என்றால் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்ள நான் என்ன தேவதூதரா? திரும்பிப் பார்த்தேன். தோளில் கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருக்க, மற்றக் கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றது பாஸ்டரம்மா.

ஆமென் சொன்னதும் பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிசைக்கு விரைந்தார்.

"இங்க பச்சை உடுப்புல ஒரு சகோதரி கை தூக்கினாங்களே, எங்க?"

"நான்தான்."

"நீயா? என்னம்மா இது, விளையாடுறியா? கை தூக்குறது வெளியாளுங்களுக்கு."

"நானும் வெளியில நின்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. வீட்டுக்கு வழி சொல்லட்டுமா?"

பாடகர் குழுவின் கட்டைக் குரல்காரர் இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே ஓடினார்.

"நாளைக்கு அறிக்கைக் கூட்டம்மா. தாய்ச்சபையிலேருந்து பெரிய பாஸ்டர் அதுக்காகவே கடல் தாண்டி வந்திருக்காரு. சீசன்ல என்ன செஞ்சோம்னு நான் மேடையில சொல்லணும்."

"தாராளமாப் போங்க. நான் அந்தச் சகோதரிகிட்ட சொல்லிடுறேன், பாஸ்டருக்கு வேற வேலை வந்துடுச்சுன்னு. நாங்க அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புறோம். அதைத்தான் சொல்லலாம்னு பாத்தேன்."

பாஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். எங்கள் சபை அந்தக் காட்சியை அதுவரைக்கும் கண்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் பழுது பார்த்த ஆட்டுத்தோலைக் கொடுக்கலாம் என்று எதிர்வீட்டு வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, துடைத்த காலணி. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார் பாஸ்டர். பழக்க தோஷம் பாருங்கள், கையில் ஒரு கைப்பிரதிகூட இருந்தது.

கடைக்குட்டி கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்தது.

"அம்மா! பாஸ்டர் வந்திருக்காரு!"

பாஸ்டரம்மா விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, தலையைக் குனிந்து, "பரலோகத்திலிருக்கிற..." என்று ஆரம்பித்தார்.

"முதல்ல வீட்டுக்காரங்க பேசணும். சட்டம் நீங்க போட்டதுதான்."

அவர் தலையை நிமிர்த்தினார். நான் ஆட்டுத்தோலை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறவள்தான், ஆனால் காதுக்கு மரியாதை தெரியும். என் ஜன்னலிலிருந்து பார்த்தவரைக்கும், அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாஸ்டரம்மா பேசினார். பிறகு பெரியவள் பேசினாள். நடுப்பையன் நின்றுகொண்டே என்னவோ சொல்லிக் கையை ஆட்டினான். கடைக்குட்டி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் காதுக்குள்ளேயே முறையிட்டது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஒரு தடவை அவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு எதிரே கொட்டகை இல்லை, மேடை இல்லை, யாரும் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

கொட்டகையில் பெரிய பாஸ்டர் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தானே நான்கு பாட்டுப் பாடிக் கூட்டத்தை முடித்தாராம். காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அங்கே பாஸ்டரம்மாவோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எங்கய்யா போனீங்க? முழுச் சபையும் அறிக்கைக்காகக் காத்துக் கிடந்துச்சே!"

"ஒரு வீடு சந்திப்புங்கய்யா."

"நேத்தா? அப்படி என்ன அவசரம்?"

"ரொம்ப நாளா நான் போய்ப் பாக்காத குடும்பம். வாக்குக் குடுத்துட்டேன்."

பெரிய பாஸ்டர் கொஞ்சம் இறங்கினார். இந்த இனத்துக்கு அந்த மாதிரிக் குடும்பம் என்றால் நாவில் நீர் ஊறும்.

"சரி, சரி. எப்படிப்பட்ட ஜனங்க?"

"தாயும் பிள்ளைங்களும் தங்கமானவங்க. தகப்பன்தான் கொஞ்சம் கடினமான ஆளு. எப்பப் பாத்தாலும் வெளியிலயே சுத்துறவன்."

"குடிப்பானோ?"

"அதெல்லாம் இல்லைங்கய்யா. வேற பழக்கம்."

"விடாதீங்க. திரும்பத் திரும்பப் போங்க. அப்படிப்பட்டவங்கதான் கடைசியில மனந்திரும்புவாங்க."

பாஸ்டரம்மா கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. நான் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். சிரிப்புச் சத்தத்தை மறைக்க வேறு என்ன செய்வது?

பாஸ்டர் அந்த ஆலோசனையை அப்படியே கடைப்பிடித்தார். பாஸ்டரம்மா அண்ணனுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வரவில்லை என்று சொன்னார். 'இப்போதைக்கு' என்பதை பாஸ்டர் காதில் விழும்படி சொன்னார். கொஞ்ச நாளிலேயே தாய்ச்சபை அவர்களை இன்னும் சின்ன ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டது.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். நாம் பாஸ்டர் இல்லையே, நமக்கென்ன என்று காலை நீட்டிக்கொண்டீர்கள். சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறீர்களா? கடையைச் சாத்திவிட்டுக் கடைவாசலில் நின்று உலகத்தைத் திருத்துகிறீர்களா? பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பு வலிக்கு எந்த டாக்டர் என்று உங்களுக்குத் தெரிகிறது, உங்கள் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வலி என்று தெரியுமா? அங்கே இந்த நிமிஷம் யாராவது கையைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். முதலில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்ளுங்கள்.

அவர்கள் கிளம்பிய அன்று மூட்டை முடிச்சுகளோடு வண்டி வாசலில் நின்றது. பாஸ்டரம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பிள்ளைகளைப் பின்னால் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் என்னிடம் வந்து கையை நீட்டினார். குலுக்கிவிட்டு என் கையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் ஒரு தரம் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் சொன்னார்:

"அக்கா, அவளுக்காக நல்லா ஜெபம் பண்ணிக்குங்க. இனிமே சாயங்காலம் முழுக்க நான் வீட்டுலதான் இருக்கப் போறேன்."