மாமியார் சுருட்டு மறுபடி வந்த கதை

"உள்ள வெச்சது சரி. மேல சுத்தின கைதான் சரியில்ல."

"முப்பது வருஷமா இந்தக் கைதான் உனக்குச் சோறு ஆக்கிப் போடுது, அப்பல்லாம்..."

"சோத்தப் பத்தி யாரு பேசுனா இப்ப? சுருட்டப் பத்தி..."

"...வாய மூடிக்கிட்டுத் தின்ன. டப்பாவுக்குள்ள இருக்கிற மீன் ஊசிப்போனா டப்பாவையா திட்டுவாங்க?"

"என் மீன் ஊசல. ஹலாப்பா இலை ரெண்டு, கோண்டேகா ஒண்ணு, ஓமெதெபே தீவு இலை அரை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"தூக்கத்துலதான் சொல்ற கிழவா. முழிச்சிருக்கும்போது வரமாட்டேங்குதே."

எஸ்தெலி ஊரில் முதலாளி தோன் ரெமிஹியோவின் சுருட்டுப் பட்டறை சின்னது. மொத்தமே பதினாறு மேஜை. மேஜைக்கு இரண்டு பேர்: ஒருவர் உள்ளிலைகளைச் சேர்த்துக் கட்டி அச்சில் அமுக்குவார், மற்றவர் அதை எடுத்து மேலிலை சுற்றித் தலையை முடிப்பார். முதல் மேஜையில் கட்டுகிறவர் கசிமிரோ, சுற்றுகிறவள் அவர் மனைவி டெல்ஃபினா. மற்ற பதினைந்து மேஜைக்காரர்களும் அன்று காலை மிக மெதுவாகச் சுற்றினார்கள். இலை சரசரத்தால் சண்டை சரியாகக் கேட்காது.

சண்டைக்குக் காரணம் மாமியார். முதலாளியின் மாமியார் இல்லை, அவள் பெயரில் வந்த சுருட்டு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கசிமிரோ ஒரு கலவை கண்டுபிடித்தார். முதல் இழுப்பில் சுருக்கென்று குத்தும், நடுவில் தேனாக இனிக்கும், அப்பாடா முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி வந்து குத்தும். முதலாளி இழுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க மாமியாரேதான்" என்றார். பெயர் நிலைத்துவிட்டது. மாமியாரின் முகத்தையே அச்சடித்து, தங்க ஓரம் வைத்த காகித மோதிரம் ஒன்று போட்டார்கள். ஆயிரமே ஆயிரம் சுருட்டு. ஒரே மாசத்தில் தீர்ந்தது. முதலாளியின் மனைவி மட்டும் இரண்டு மாசம் அவரோடு பேசவில்லை.

அந்த மாமியாரை மறுபடி கொண்டுவரச் சொல்லி சிகாகோவில் ஒரு கடைக்காரர் ஏழு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இந்த அக்டோபரில் முதலாளி ஒத்துக்கொண்டார். இரண்டாயிரம் சுருட்டு.

கலவையைக் காகிதத்தில் எழுதிவைக்கவில்லை. எழுதினால் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்று கசிமிரோ தலையிலேயே வைத்திருந்தார். தலையில் இருந்தபடியே பத்து செய்தார். சரிபார்க்கப் பழைய மாமியார் ஒன்று வேண்டும். ஊரிலேயே மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பட்டறை வாசலில், லாசர் சாமியின் காலடியில் இருந்தது.

முதலாளியின் அம்மா கியூபாவை விட்டு வரும்போது மடியில் வைத்துக் கொண்டுவந்த சாமி. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், காலை நக்குகிற இரண்டு நாய். கியூபாக்காரர்களின் லாசர் சாமிக்குச் சுருட்டு வைக்காமல் யாரும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் முதல் பெட்டியின் முதல் சுருட்டை முதலாளி தன் கையால் அங்கே வைத்தார்.

"இரவல்தான் சாமி. புதுசு வந்ததும் முதல் சுருட்டு உங்களுக்குத்தான்" என்று சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு முதலாளி இப்போது அதை எடுத்தார். விரலால் அமுக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கசிமிரோ, தொட்டுப் பாரு. ஏழு வருஷம் தெறந்த எடத்துல கெடந்திருக்கு. காயல, வெடிக்கல. பஞ்சு மாதிரி இருக்கு."

கசிமிரோ தொட்டுப் பார்த்தார். அவரும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சாமி மகிமை" என்றார் முதலாளி.

"காலைத் தூக்குங்க முதலாளி" என்றாள் தெக்லாம்மா. பட்டறையைக் கூட்டித் துடைக்கிறவள். அவளுக்கு யார் மகிமையானாலும் தரை காயவேண்டும்.

சாமி சுருட்டில் மூன்று இழுப்பு, புதுச் சுருட்டில் மூன்று இழுப்பு. முதலாளி இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தார்.

"சாமிகிட்ட இருந்தது மாமியார்" என்றார் கடைசியில். "நீ செஞ்சிருக்கிறது யாரோ பக்கத்து வீட்டுக்காரி."

கசிமிரோ இழுத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. சாமி சுருட்டு கசந்தது. தொண்டையை அறுத்தது. இனிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. ஈரச் சாக்கைக் கொளுத்தியது போல ஒரு வாசனை. புதுசோ அவர் நினைவில் இருந்தபடியே இருந்தது.

"முதலாளி, எனக்கென்னவோ அந்தப் பழசுதான் தப்போன்னு..."

"சாமி தப்புங்கிறியா?"

கசிமிரோ வாயை மூடிக்கொண்டார். லாசர் சாமி தப்பு என்று சொல்லிவிட்டு எஸ்தெலியில் யார் குடியிருப்பது?

டெல்ஃபினா அதற்குள் சுருட்டின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் கை இல்ல. நான் மூணு சுத்துல மொழுமொழுன்னு முடிப்பேன். இது வெங்காயத்துக்கு முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"அந்த ஆயிரத்தையும் சுத்தினது நீதான் டெல்ஃபினா" என்றார் முதலாளி. "சாமி காலடியில மோதிரத்தோட இருக்கு. வேற யாரு வந்து வெப்பா?"

அவளும் வாயை மூடிக்கொண்டாள். மேஜைக்கு வந்ததும் இருவரும் திறந்துகொண்டார்கள். அந்தச் சண்டைதான் மேலே நீங்கள் கேட்டது.

முதலாளி கெடு வைத்தார். சனிக்கிழமைக்குள் மாமியார் வரவேண்டும். வராவிட்டால் மனாகுவாவிலிருந்து அவர் மருமகன் வருவான். சுவை பார்ப்பதற்கென்றே மூன்று மாசம் படித்துச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவன். கசிமிரோ பின்னறைக்குப் போய் இலை நரம்பு உரிக்கலாம்.

கசிமிரோ இரண்டாவது கலவையில் தீவு இலையைக் குறைத்தார். முதலாளி இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"முந்தினதவிட நல்லாயிருக்கு."

"அப்போ சரி முதலாளி."

"என்ன சரி? நல்லாயிருக்கக் கூடாது. மாமியார் மாதிரி இருக்கணும்."

மூன்றாவதில் செடியின் அடி இலையைச் சேர்த்தார். அது இன்னும் நல்லாயிருந்தது. நாலாவதை ஒரு பக்கத்து மேஜைக்காரன் இழுத்துவிட்டு, இதையே விற்றால் என்ன என்று கேட்டான். முதலாளி அவனைத் திட்டி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் சாமி சுருட்டைப் பற்றவைத்து மூன்று இழுப்பு இழுத்து அணைத்ததில், புதன்கிழமை அது கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. மோதிரத்தை மட்டும் பத்திரமாகக் கழற்றிச் சாமியின் ஊன்றுகோலில் மாட்டினார்கள்.

"தப்பு இலைல இல்ல, உன் நாக்குல" என்றாள் டெல்ஃபினா வீட்டில். "மிளகா தின்னு தின்னு மரத்துப்போச்சு."

அன்றிலிருந்து மிளகாய் இல்லை, காப்பி இல்லை. காலையில் தின்கிற காயோபிந்தோச் சோற்றில் வெங்காயம் இல்லை, உப்பும் இல்லை. வெறும் சோறும் பயறும். இரண்டு நாளில் கசிமிரோவின் நாக்கு கத்தி மாதிரி ஆகிவிட்டது. ஆனதும், சாமி சுருட்டு இன்னும் கேவலமாகவும் தன் சுருட்டு இன்னும் அருமையாகவும் தெரிந்தன. அதாவது இடைவெளி இரண்டு மடங்கானது.

"பெரிய நாக்கு" என்றாள் டெல்ஃபினா. "வாரா வாரம் பட்டறைல நமக்குக் குடுக்கிற சனிக்கிழமைச் சுருட்ட ஒரு தடவையாவது வாயில வெச்சிருக்கியா? வெட்டி மிஞ்சின துண்டிலைன்னு மொகத்தச் சுளிச்சுக்கிட்டு அத்தனையும் தெக்லாம்மாகிட்ட தூக்கிக் குடுத்துருவ. இப்போ அந்த நாக்கு எங்க போச்சு?"

அவர் பதில் சொல்லவில்லை. உப்பில்லாத வாழைக்காயை மென்றுகொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவர் பதில் சொல்லாதது அன்றுதான், டெல்ஃபினாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தட்டில் கொஞ்சம் உப்பைப் போட்டாள்.

சனிக்கிழமை காலை. ஏழாவது கலவையும் நல்லாயிருந்து தொலைத்தது. கசிமிரோ இலை வெட்டும் பிறைக்கத்தியைக் கீழே வைத்தார்.

"என் தலைல இருக்கிறதே தப்பு போல. நான் நெனச்சுக்கிட்டிருந்த மாமியார் வேற, நெச மாமியார் வேற."

"அழாத. எனக்கு ஆத்திரமா வருது" என்றாள் டெல்ஃபினா. யார்மேல் என்று சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த வெட்டுத் துண்டு, கிழிசல், காம்பு எல்லாவற்றையும் ஒரே வழிப்பாக வழித்தாள். ஓட்டை விழுந்த இலை ஒன்றில் போட்டு இடது கையால் முறுக்கினாள். தலையை வெங்காயம் மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு அவர் முன்னால் வீசினாள்.

"இந்தா. சாமி சுருட்டு. போய்க் குடு உன் மொதலாளிக்கு."

குடுக்க வேண்டியிருக்கவில்லை. முதலாளி பின்னால்தான் நின்றிருந்தார். எட்டாவது கலவை என்று எடுத்தார், பற்றவைத்தார். இருவரும் கையை நீட்டுவதற்குள் இழுத்தார்.

இருமினார். கண்ணில் நீர் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டார்.

"மாமியார்" என்றார்.

கசிமிரோ வாங்கி இழுத்தார். அதே கசப்பு, அதே ஈரச் சாக்கு, தொண்டையில் அதே அரிவாள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"என்ன போட்ட கசிமிரோ? சொல்லுப்பா."

கசிமிரோ மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"அது... தொழில் ரகசியம் முதலாளி."

"அப்படியே இருக்கட்டும். ரெண்டாயிரம் செய்."

இரண்டாயிரத்துக்கு அவ்வளவு குப்பைக்கு எங்கே போவது? மேஜைத் துண்டுகள் முந்நூறு சுருட்டுக்குமேல் வரவில்லை. கணவனும் மனைவியும் ஓர் அறையைச் சாத்திக்கொண்டு, நாலு வருஷம் பதப்படுத்திய முதல்தர ஹலாப்பா இலையை முழம் முழமாக எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கினார்கள். காம்பை வேறு தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

"இது பாவம் கிழவா."

"தெரியும். நறுக்கு."

சுற்றுகிற பெண்களுக்கு டெல்ஃபினா புது முடிச்சைச் சொல்லிக்கொடுத்தாள். பாவம், பழகிய கைகள். கோணலாக முடி என்றால் வரமாட்டேன் என்றன.

"இது என்ன?"

"தலை முடிச்சிருக்கேன் டெல்ஃபினாக்கா."

"ரொம்ப அழகா இருக்கு. பிரிச்சு மறுபடி சுத்து."

நாலு வாரம் ஆறப்போட்டுப் பெட்டியில் அடுக்கிச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். டிசம்பர் பதினாறாம் தேதி பதில் வந்தது. முதலாளி கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தார்: "ஏழு வருஷத்துக்கு முன்னால் இழுத்த அதே மாமியார். கண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன். அழுதுவிட்டேன்."

பதினாறு மேஜையிலும் பிறைக்கத்தியைப் பலகையில் தட்டினார்கள். சுருட்டுக்காரர்களின் கைதட்டல் அது. கசிமிரோ மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்றார்.

"முதலாளி, திங்கக்கெழமைலேர்ந்து நான் பின்னறைக்குப் போறேன். உங்க மருமகன வரச் சொல்லுங்க."

"ஜெயிச்சுட்டு ஏன்யா போற?"

"என் நாக்கு பொய் சொல்லிடுச்சு. ஏழு வருஷமா ஒரு சுவையத் தலைல வெச்சுக்கிட்டு அதுதான் நான் செஞ்சதுன்னு நம்பிக்கிட்டிருந்தேன். சாமிக்கு முன்னால சொல்றேன், எனக்கு இனிமே என்மேல நம்பிக்கை இல்ல."

டெல்ஃபினா தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் போறேன் முதலாளி. என் கையும் பொய் சொல்லிடுச்சு."

முதலாளி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பேச்சைத் திருப்ப, புதுப் பெட்டியின் முதல் சுருட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். ஊன்றுகோலில் இருந்த பழைய மோதிரத்தை எடுத்துப் புதுச் சுருட்டில் மாட்டி, சாமி காலடியில் குனிந்தார்.

"சொன்னபடி திருப்பிட்டேன் சாமி. ஏழு வருஷமா நீங்க பத்திரமா வெச்சிருந்ததாலதான்..."

"இன்னிக்கு வெக்காதீங்க முதலாளி" என்றாள் தெக்லாம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டே. "நாளைக்குத்தான சாமி திருநாள், நாளைக்குத்தான் நான் மாத்துவேன்."

"எத மாத்துவ?"

"சுருட்டத்தான். வருஷா வருஷம் கசிமிரோ குடுக்கிற சனிக்கிழமைச் சுருட்டுல கறுப்பா தடிமனா ஒண்ணு பொறுக்கி, அந்த மோதிரத்த மாட்டி வெச்சுட்டு, பழச நான் இழுத்துருவேன், சாமிக்குப் போய்ப் பழசயா வெப்பாங்க? ஆனா மொத வருஷம் ஒண்ணு எடுத்தேன் பாருங்க, நடுவுல தேன் மாதிரி இனிச்சுது முதலாளி, அந்த மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுங்களேன் கசிமிரோவ."