பஞ்சு அண்ணாச்சியின் உறுமல் பெட்டி

ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போய், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். விளாத்திகுளத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் பஞ்சு அண்ணாச்சி.

வீட்டில் பெரிய டிவி இருந்தது. சேர்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. அவர் சம்சாரம், எங்கள் மதினிக்கு ஒரு காய்ச்சலோடு காது போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து தோளோடு தோள் உரசிப் படம் பார்த்த ஜோடி அது. "வாய் அசையுதத மட்டும் எம்புட்டு நேரம் பாக்க?" என்று மதினி அடுப்படிக்கு எழுந்து போய்விட்டார். சண்டைக் காட்சி முடிந்ததும் அண்ணாச்சி பழக்கத்தில் பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவில் மேளக்காரர்கள் வாசலில் நின்று வெளுத்து வாங்கினார்கள். மதினி நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். அதிர்வு அவருக்குத் தெரிந்திருக்கிறது! மறுநாளே அண்ணாச்சி என் வாசலில் நின்றார்.

"தம்பி, வண்டிய எடு. கோவில்பட்டியில போயி உறுமுத பெட்டி ஒண்ணு வாங்கணும். வெல மட்டும் கையக் கடிக்கப்பிடாது."

கடைக்காரர்கள் சப்வூஃபர் என்கிற, தரை அதிர முழங்கும் ஸ்பீக்கரைத்தான் அப்படிச் சொன்னார். ஒவ்வொரு கடையிலும் செருப்பைக் கழற்றினார், தரையில் சம்மணம் போட்டார், தன் காட்டில் விளைந்த பருத்திப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினார்.

"அண்ணாச்சி, பஞ்ச எடுத்துட்டுக் கேளுங்க!" என்று கடைப் பையன் கெஞ்சினான்.

"என்னதூ?" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பெட்டியே அடங்கிவிட்டது.

ஒசத்தி விலைப் பெட்டிகளை எல்லாம், "மினுக்குதானே இருக்கு, கைக்கு ஒண்ணும் வரலயே" என்று தள்ளிவிட்டார். கடைசியில் மூலையில் கிடந்த, ஒரு பக்கம் கீறல் விழுந்த மரப்பெட்டி. கீறலுக்காக விலையைக் குறைத்திருந்தார்கள். கையை ஊன்றியவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதாம்லே!" என்ற கத்தல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

வீட்டு சிமெண்ட் தரை அத்தனை அதிர்வையும் விழுங்கிவிட்டது. அண்ணாச்சி விடவில்லை. பெட்டியை மரப்பெஞ்சுக்கு அடியில் தள்ளி, மதினியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

தெரு முழுக்க மொட்டைமாடிகளில் மிளகாய் வற்றல் காய்கிற சமயம். "இடி இடிக்கி! வத்தல அள்ளுங்கட்டி!" என்று பெண்கள் அலறினார்கள். நானும் தார்ப்பாயோடு மாடிக்கு ஓடினேன். மேலே பார்த்தால் வெயில் கொளுத்துகிறது. விஷயம் புரிந்ததும் தெருவே சண்டைக்குக் கிளம்பி அண்ணாச்சி வீட்டுக்குள் புகுந்தது.

உள்ளே மதினி பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏங்க, அந்த வில்லன் பய விழுந்துட்டாம் போல!" அண்ணாச்சி படத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்து இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்ட வந்தவர்கள் வற்றலைத் திரும்பக் காயப்போடக் கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து சுவிட்சைத் தட்டுமுன் தெருவுக்கு வந்து குரல் கொடுப்பார்: "மழ இல்ல தாயி, படந்தான்!"

மாற்றலாகி நான் வெளியூர் வந்துவிட்டேன். இங்கே இடி இடித்தால் எல்லோரும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறார்கள். நான் மட்டும் அந்தக் குரல் வந்துவிடாதா என்று நின்று, நின்று, நனைந்த துணியோடு உள்ளே வருகிறேன்.